ஆடி முடியட்டும்

கேதீஸ்வரனின் மனைவி பத்மாசினி தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. அதற்கு முன் வீடு முழுவதும் கழுவியாக வேண்டும். கேதீஸ்வரனின் அறையில் விளையாட்டுப் பலகை அப்படியே இருக்கிறது. அதில் உள்ளதை என்ன செய்வதென்று பிரகலாதன் வந்து சொல்ல வேண்டும்.

“நாங்கள் ஒருத்தரும் கை வைக்கேல்லை அண்ணை. சித்தப்பா காலமை துவங்கி நாலு தரம் கேட்டிட்டார்.”

புதன்கிழமை மத்தியானம் அது. கேதீஸ்வரன் இறந்து இருபத்தொன்பதாவது நாள்.

பிரகலாதன் கோப்பாயில் பல் கட்டுகிறவர். வைத்தியர் அல்ல. வைத்தியர்கள் அனுப்பும் வாயச்சுக்களை வைத்து, வீட்டுப் பின்னறையில் செயற்கைப் பல் செய்து கொடுக்கிறார். வயது நாற்பத்தாறு. அலுமாரி நிறைய ஊராரின் வாய்கள் வெள்ளைப் பரிஸ் சாந்தில் வார்த்து அடுக்கியிருக்கும். தெருவில் ஒருவர் சிரித்தால் அந்தப் பல் தன்னுடையதா, கடவுள் கொடுத்ததா என்று இவருக்குத் தெரியும். சொல்லமாட்டார்.

எதையும் அவசரமாகத் தொடங்காத மனிதர். புதுச் சைக்கிள் வாங்கினால் ஒரு மாதம் பழையதில்தான் போவார். பதினாறு வயதில், தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இடப்பெயர்வில், ஒரு பையோடு தென்மராட்சிக்கு நடந்தவர். அந்தப் பையில் என்னென்ன வைத்தார் என்பதைவிட, எதையெல்லாம் “பிறகு எடுப்பம்” என்று விட்டுவந்தார் என்பதைத்தான் இன்றைக்கும் வரிசையாகச் சொல்வார்.

இவரிடம் ஒரு விளையாட்டு இருந்தது. கனடாவில் இருக்கும் மச்சான் சுபாஸ் இரண்டாயிரத்துப் பதினொன்றில் லீவில் வந்தபோது, தன் மகன் கைவிட்ட ஒரு பெட்டியை இங்கே போட்டுவிட்டுப் போனான். உள்ளே பெருவிரல் உயரத்தில் பிளாஸ்டிக் உருவங்கள். எதிர்காலத்தில், வேறு கிரகங்களில் நடக்கும் சண்டை. ஒரு பலகையில் இரண்டு பக்கமும் ஆட்களை நிறுத்தி, அளவு நாடாவால் தூரம் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சுட வேண்டும். பெட்டி வந்தபோது உருவங்கள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். செயற்கைப் பல்லின் ஈறுகளுக்கு நிறம் பூசும் தூரிகையால் பிரகலாதன் ஒவ்வொன்றாகத் தீட்டினார். உடைந்த கைகளைப் பல் செய்யும் பசையாலேயே ஒட்டினார்.

மனைவி கமலாவதி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“நாங்கள் பாத்த சண்டை காணாதெண்டோ?”

“இது பூமியிலை இல்லையப்பா.”

“பூமியிலை இல்லாட்டி?”

“தெரிஞ்ச உடுப்புப் போட்ட ஒருத்தரும் இதிலை இல்லை.”

கமலாவதி அதற்குப் பிறகு கேட்கவில்லை. அந்தப் பதில் அவருக்குப் போதுமாக இருந்தது.

ஆனால் விளையாட ஆள் இல்லை. ஒரு வருடம் கழித்துத்தான் கேதீஸ்வரன் வந்தார். தொண்டைமானாற்றுக்காரர், படகு இயந்திரம் திருத்துகிறவர். இயந்திரத்தின் கயிற்றை இழுத்தபோது பிடி எகிறி முன்பல் இரண்டும் போய்விட்டன. வாயைத் திறந்தபடி கதிரையில் இருந்தவர் மேசையில் நின்ற உருவங்களைப் பார்த்துவிட்டார்.

“அண்ணை, உந்தச் சின்னன் ஆரின்ரை வாயிலையிருந்து எடுத்தனீங்கள்?”

பல் கட்டி முடிய மூன்று கிழமை எடுத்தது. அதற்குள் கேதீஸ்வரன் விதிப்புத்தகத்தை முழுக்க வாசித்துவிட்டார். இருவருக்கும் ஒரே வயதென்று தெரிந்ததும் ‘அண்ணை’ போய் ‘மச்சான்’ வந்தது. அதன்பின் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில், பதின்மூன்று வருடம். உருவங்களை இருவரும் ‘ஆக்கள்’ என்றுதான் சொல்வார்கள். கேதீஸ்வரன் பழைய தகடு, ஸ்பார்க் பிளக், வடிகட்டி எல்லாம் கொண்டுவந்து நகரம் கட்டினார். பிரகலாதன் பரிஸ் சாந்தில் பாறை வார்த்தார். கேதீஸ்வரன் முன்னால் பாய்வார். பிரகலாதன் பாறைக்குப் பின்னால் இருப்பார். கேதீஸ்வரன் அதிகம் தோற்பார், அதைப்பற்றி அதிகம் கதைப்பார். அடுத்த ஞாயிறு செத்த ஆட்கள் எல்லாரும் எழும்பி நிற்பார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் கேதீஸ்வரனின் சிறுநீரகம் பழுதானது. கிழமைக்கு இரண்டு தரம் யாழ்ப்பாணம் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் ஓட ஏலாது. ஆகவே பிரகலாதன் தொண்டைமானாற்றுக்குப் போகத் தொடங்கினார். படகு செய்யும் கண்ணாடி இழையில் ஆறடிப் பலகை ஒன்று ஊற்றி, செம்மண் நிறம் பூசி, கேதீஸ்வரன் தன் அறையில் இரண்டு பீப்பாயின் மேல் வைத்தார். செவ்வாய்க் கிரகம் தன் வீட்டில்தான் இருக்கிறதென்று ஆஸ்பத்திரித் தாதிமாருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

இந்த ஆடி மாதம் இரண்டாம் திகதி, சுபாஸிடமிருந்து புதுப்பெட்டி வந்தது. கேட்டு எழுதியது கேதீஸ்வரன். புது விளையாட்டு. பிரகலாதன் அந்த ஞாயிறு போனபோது கேதீஸ்வரன் விதிப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“இதிலை பார், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு அட்டை. பேர் எழுதலாம். காயம் பட்டா அடுத்தமுறையும் காயத்தோடைதான் வருவான். செத்தா அட்டையைக் கோடு கீறி விடோணும். அவன் பிறகு இல்லை.”

“ஏன் அப்பிடி?”

“அப்பதான் கதை இருக்கும். ஒண்டோடை முடியிறேல்லை, தொடர்ச்சியாப் பன்னிரண்டு விளையாட்டு. கடைசியிலை ஆர் மிஞ்சினது எண்டு பாக்கிறது.”

பிரகலாதன் விதிப்புத்தகத்தை வாங்கினார். அறுபத்துநாலு பக்கம். திறக்காமல் கீழே வைத்தார்.

அந்த நேரம் மனதுக்குள் நடந்ததை அவர் பிறகு யாருக்கும் விளக்கவில்லை, ஒரு தடவை கமலாவதிக்குச் சொன்னதைத் தவிர. அவர் எண்ணினார். பன்னிரண்டு விளையாட்டு, கிழமைக்கு ஒன்று, பன்னிரண்டு கிழமை. எதிரே கட்டிலில் வீங்கின காலைத் தலையணையில் வைத்துக்கொண்டு இருந்தவரைப் பார்த்தார். பாதியில் நிற்கப்போகும் ஒன்றைத் தொடங்க மனம் வரவில்லை. அதை முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? கைக்கு அகப்பட்ட சாக்குப்போக்கைச் சொன்னார்.

“ஆடி முடியட்டும் மச்சான். ஆடிக்குள்ளை புதுசா ஒண்டும் தொடங்கக் கூடாது.”

“நீ எப்பவடா நாள் பாக்கத் துவங்கினனி?”

“நான் இல்லை. மனுசி பாக்கிறவ.”

கேதீஸ்வரன் விதிப்புத்தகத்தைத் திரும்ப மடியில் எடுத்து வைத்தார். “சரி, ஆவணியிலை,” என்றார். அன்றைக்குப் பழையதையே விளையாடினார்கள். பிரகலாதன் வென்றார்.

அதுதான் கடைசி. நல்லூர்த் திருவிழா வர, வெளிநாட்டிலிருந்து சனம் வர, எல்லாருக்கும் பல் அவசரமாகத் தேவைப்பட்டது. அது பொய்யில்லை. ஆனால் ஒரு பின்னேரம் எடுக்க முடியாத அளவு வேலையும் இல்லை. போனால் பெட்டி கண்ணில் படும். அடுத்தடுத்து மூன்று ஞாயிறு அவர் போகவில்லை. தொலைபேசியில் கேதீஸ்வரன் ஒரே கேள்விதான் கேட்பார்.

“என்ன பல்லுக் கொம்பனி, ஆடி முடிஞ்சுதோ?”

“இன்னும் பத்து நாள்.”

“உன்ரை ஆடிக்கு மட்டும் அறுபது நாள் போலை.”

ஆடி இருபத்தெட்டாம் திகதி விடியற்காலை கேதீஸ்வரன் நித்திரையிலேயே போய்விட்டார். ஆவணி பிறக்க நாலு நாள் இருந்தது.

செத்த வீட்டில் பிரகலாதன் பந்தல் போட்டார், கதிரை இறக்கினார், சுடலைவரை போனார். அறைக் கதவு சாத்தியிருந்தது. அவர் திறக்கவில்லை.

புதன்கிழமை பின்னேரம் மோட்டார் சைக்கிளில் தொண்டைமானாற்றுக்குப் போனபோது, சந்நிதி முருகன் கோயில் திருவிழா முடிந்து கடைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் குடம் விற்றவர்கள் மிச்சத்தை லொறியில் எறிய, அவை ஒன்றின்மேல் ஒன்று விழுந்து சத்தம் போட்டன. கேதீஸ்வரனின் வீட்டு முற்றத்தில் இரண்டு பெண்கள் பாய்களைக் கழுவிக் கொடியில் போட்டார்கள். சித்தப்பா ஆழ்வாப்பிள்ளை முருங்கை நிழலில் கதிரை போட்டு, எல்லா வேலையையும் வாயால் செய்துகொண்டிருந்தார்.

“வந்திட்டீரோ தம்பி. உந்த அறை மட்டுந்தான் மிச்சம். படையலுக்கு உந்தப் பலகைதான் வேணும், வேறை நீளமா ஒண்டும் இல்லை. உந்தப் பொம்மையளைக் கெதியா எடும்.”

பத்மாசினி கதவைத் திறந்துவிட்டார். கேதீஸ்வரனைவிட ஏழு வயது இளையவர். நூலகத்தில் வேலை. நிதானமாகக் கதைக்கிறவர்.

பிரகலாதன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

பலகையில் ஆட்கள் நின்றார்கள். பழைய ஆட்கள் இல்லை. புதுப்பெட்டி ஆட்கள், ஒட்டி, நிறம் தீட்டி, இரண்டு பக்கமும் ஏழு ஏழு பேருக்கு இடம். நடுவில் ஒரு படகு இயந்திரத்தின் உடைந்த காற்றாடி சரிந்து கிடந்தது, விழுந்த விண்கலமாம். இரண்டு பக்கமும் அட்டைகள். சில அட்டைகளின் குறுக்கே கோடு. பக்கத்தில் ஒரு பயிற்சிக் கொப்பி.

“இதை ஆரோடை விளையாடினவன்?”

“உங்களோடை,” என்றார் பத்மாசினி.

கொப்பியைத் திறந்தார். முதல் பக்கத்தில் கேதீஸ்வரனின் சாய்ந்த எழுத்தில்: *ஆடி 5. முதலாவது. பிரகலா பாறையை விட்டு வரவில்லை. ஒருவரும் கலத்தைத் தொடவில்லை. இருவருக்கும் தோல்வி.* அடுத்தது ஆடி 9. *பிரகலா வழமைபோல.* ஆடி 12. *பிரகலாவின் இரண்டு பேர் செத்தார்கள். பாறைக்குப் பின்னால் இருந்தே.* திகதியை எல்லாம் தமிழ் மாதத்தில் எழுதியிருந்தார். வேறெதற்கும் அப்படி எழுதுகிறவர் அல்ல.

“அவருக்கு மருந்தாலை கை நடுக்கம்,” என்றார் பத்மாசினி. “டைஸ் கட்டிலுக்குக் கீழை போயிடும். அதாலை உங்கடை பக்கத்தை நான் உருட்டினனான். நீங்கள் எப்பிடி விளையாடுவியள் எண்டு அவர் சொல்லித் தருவார். ‘உவன் இப்ப என்ன செய்வான் சொல்லு’ எண்டு கேப்பார். நான் பாறைக்குப் பின்னாலை வைப்பன். ‘சரி, அவனேதான்’ எண்டுவார்.”

பிரகலாதன் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.”

“என்னெண்டு?”

“தொடங்கிட்டம் எண்டு. நான் வந்திருப்பன்.”

பத்மாசினி ஓர் அட்டையை எடுத்து நேராக வைத்தார். “நீங்கள் ஏன் மாட்டன் எண்டனீங்கள் எண்டு அவருக்குத் தெரியும் அண்ணை. அண்டைக்கு நீங்கள் போன கையோடை சொன்னவர், ‘உவன் பன்னிரண்டையும் எண்ணிப் பாத்திட்டான்’ எண்டு.”

“கோவிச்சவனோ?”

“இல்லை. ‘நானும்தான் எண்ணினனான், அதாலைதான் கிழமைக்கு இரண்டு விளையாடப் போறன்’ எண்டவர்.”

முற்றத்தில் வாளி நிறையும் சத்தம் கேட்டது. பிரகலாதன் கொப்பியின் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். *ஆடி 27. ஏழாவது.* மூன்றாம் சுற்றுவரை குறிப்பு இருந்தது. அதன் கீழே, *பிரகலா ஆட வேண்டும். மிச்சம் நாளைக்கு.*

அவர் பாறைக்குப் பின்னால் பார்த்தார். தன்னுடைய ஆட்கள் நாலு பேர் மிஞ்சியிருந்தார்கள். தலைவனின் அட்டையில் ‘பிரகலா’ என்று எழுதியிருந்தது. எதிரே ஐந்து பேர். அவர்களின் தலைவனுக்கு முன்பல் இரண்டும் வெள்ளையாகப் புள்ளி வைத்திருந்தது. அவ்வளவு சின்ன வாயில் அவ்வளவு சின்னப் புள்ளி. நடுங்குகிற கையால் எப்படி வைத்தாரோ தெரியாது.

பிரகலாதன் தொலைபேசியை எடுத்தார். மேலேயிருந்து ஒரு படம், இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொன்று. அளவு நாடாவால் ஆட்களின் இடத்தை அளக்கத் தொடங்கினார்.

“என்ன செய்யிறியள்?”

“இடத்தைக் குறிக்கிறன் தங்கச்சி. பக்குவமாக் கழட்டி என்ரை அலுமாரியிலை வைக்கிறன். துடக்குத் தீட்டுக் கழியட்டும். வருசம் திரும்பி ஆட்டைத் திவசமும் முடியட்டும். பிறகு ஒரு நாள் திருப்பி அடுக்கி...”

“அதுக்கும் நாள் பாக்கப் போறியளோ?”

பத்மாசினி குரலை உயர்த்தவில்லை. கேலியும் இல்லை. நூலகத்தில் ஒரு புத்தகம் இருக்கிறதா இல்லையா என்று சொல்கிற அதே குரல். பிரகலாதனின் கையில் நாடா இழுபட்டபடி இருந்தது. விட்டார். அது சுருண்டு பெட்டிக்குள் போனது.

நாடாவைப் பலகை ஓரத்தில் வைத்தார்.

“எனக்கு இதின்ரை விதி தெரியாது,” என்றார் பிரகலாதன். “நான் புத்தகத்தைத் திறக்கவேயில்லை.”

“எனக்குத் தெரியும்.”

“நீங்கள் உருட்டுவியளோ?”

“உங்கடை பக்கத்தை இனி நீங்களே உருட்டுங்கோ. அவரின்ரை பக்கத்தையும்தான். என்னாலை அது ஏலாது. விதியை மட்டும் சொல்லுறன்.”

பத்மாசினி வாசலுக்குப் போய் முற்றத்தைப் பார்த்துச் சொன்னார்: “சித்தப்பா, இன்னும் ஒரு மணித்தியாலம் செல்லும்.”

“பொம்மை எடுக்க ஒரு மணித்தியாலமோ? பிரேதம் எடுக்கவே உவ்வளவு நேரம் செல்லேல்லை,” என்றது முருங்கை நிழல்.

பிரகலாதன் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். தன் தலைவனை எடுத்தார். பாறைக்குப் பின்னால் அவன் நின்ற இடத்தில் செம்மண் நிறம் கொஞ்சம் தேய்ந்திருந்தது. ஏழு விளையாட்டிலும் அங்கேயே நின்றிருக்கிறான்.

“எவ்வளவு தூரம் போகலாம்?”

“ஆறங்குலம். ஓடினா ஒன்பது. ஆனா ஓடினா சுட ஏலாது, மறைவும் இல்லை.”

“ஓடுறன்.”

பத்மாசினி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

ஒன்பது அங்குலத்தில் காற்றாடிக்கு இன்னும் இரண்டு அங்குலம் குறைந்தது. வெளியில், வெறும் சிவப்பில், தலைவன் தனியே நின்றான். இப்போது மற்றப் பக்கத்தின் முறை. பகடையைப் பிரகலாதனே எடுக்க வேண்டியிருந்தது. கேதீஸ்வரன் பகடை உருட்டுமுன் அதை உள்ளங்கையில் ஊதுவார். பதின்மூன்று வருடம் அதைப் பார்த்துக் கேலி பண்ணியவர், தானும் ஒருக்கால் ஊதினார். பிறகு உருட்டினார். ஐந்தும் ஆறும்.

“பட்டிட்டுது,” என்றார் பத்மாசினி. “இரண்டும். அவன் போயிட்டான்.”

பென்சில் கொப்பிக்குள் இருந்தது. ‘பிரகலா’ என்ற பெயரின் குறுக்கே அவர் கோடு கீறினார். பல் செய்கிறவரின் கை, கோடு நேராகத்தான் விழுந்தது. உருவத்தைப் பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அப்படியே குனிந்து இருந்தார். தோள் அசைந்தது. பத்மாசினி வெளியே போய், ஒரு கோப்பை தேத்தண்ணீரோடு திரும்பி வந்து பலகை ஓரத்தில் வைத்தார்.

“இன்னும் இரண்டரைச் சுத்து இருக்கு அண்ணை. மூண்டு பேர் நிக்கினம்.”

முடிக்க ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. நடுவில் ஆழ்வாப்பிள்ளை வந்து வாசலில் நின்று, ஆர் ஆருக்குச் சுடுகினம் என்று கேட்டார். இரண்டு பக்கத்தையும் இவரே உருட்டுகிறார் என்றதும், “பிறகென்ன, தோக்க ஏலாதே,” என்றார். ஆனால் போகவில்லை. கடைசிச் சுற்றில் அவரும் கதவு நிலையைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார். முன்பல் தீட்டிய தலைவன் ஆறாம் சுற்றில் காற்றாடியைத் தொட்டான். பிரகலாதன் அவனை நகர்த்தியது தன் கையால்தான். வேறு வழியாக நகர்த்தியிருக்கலாம். இன்னொரு முறை அளந்து பார்த்து, அங்கேதான் வைத்தார்.

கொப்பியில் எழுதினார்: *ஆவணி 25. ஏழாவது முடிந்தது. கேதீஸ் வென்றான்.* அதற்குப் பின்னால் எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று ஐந்து பக்கங்களின் தலையில் கேதீஸ்வரன் முன்கூட்டியே இலக்கம் போட்டு வைத்திருந்தார். பிரகலாதன் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார்.

ஆட்களைப் பல் அனுப்பும் பஞ்சுப் பெட்டிகளில் வைத்தார்கள். பத்மாசினி ஒருவனை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். எவனென்று சொல்லத் தேவையில்லை.

“மிச்சத்தை நீங்கள் கொண்டு போங்கோ. கமலாவதி அக்காவுக்குப் பழக்கிப் பாருங்கோ.”

“அவ மாட்டா.”

“கேட்டனீங்களோ?”

அவர் கேட்டதில்லை.

பெண்கள் பலகையைத் தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தேய்த்தார்கள். செவ்வாய்க் கிரகம் கொஞ்சம் கரைந்து வாழை மரத்தடிக்கு ஓடியது. வெள்ளிக்கிழமை காலை கீரிமலையில் கிரியை முடித்து, ஈர வேட்டியோடு வந்தவர்கள் வீட்டில் கூடினார்கள். வெள்ளைச் சீலை விரித்த பலகையில் தலைவாழை இலை போட்டு, கேதீஸ்வரனுக்குப் பிடித்ததெல்லாம் படைத்திருந்தது. பனங்காய்ப் பணியாரம், வடை, தோடம்பழச் சோடா. படத்துக்கு முன்னால், பணியாரத் தட்டுக்குப் பக்கத்தில், பெருவிரல் உயரத்தில் ஒருவன் நின்றான்.

“இதென்ன?” என்று குருக்கள் கேட்டார்.

“அவரின்ரை ஆள்,” என்றார் பத்மாசினி.

பிரகலாதன் பந்தியில் கடைசியாக அமர்ந்து சாப்பிட்டார். பெட்டிகளை மோட்டார் சைக்கிளில் கட்டி வைத்திருந்தார். அறுபத்துநாலு பக்க விதிப்புத்தகம் பையில் இருந்தது. வீட்டுக்குப் போனதும், கை கழுவுகிற இடத்தில் நின்ற கமலாவதியிடம் பின்னேரம் வேலை ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்.

“ஏன்?”

“ஒண்டு பழக வேணும். எனக்கும் சரியாத் தெரியாது.”

கமலாவதி அவர் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். அதன் மேலிருந்த கொப்பியில் கேதீஸ்வரனின் எழுத்தைப் பார்த்தார். ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு பின்னறைக்குப் போய், மேசையில் கிடந்த வாயச்சுக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார்.